கெட்ஸெல் இல்லாத பெட்டி

கண்ணாடியில் ஹெனியாவின் முகம் பாதிதான் கிழவியாகியிருந்தது. இடது கன்னத்தில் கோடுகள் விழுந்து, வாயோரம் தொங்கி, கண்ணுக்குக் கீழே சாம்பல் ஏறியிருந்தது. வலது பக்கம் இன்னும் அவளாகவே இருந்தது. அந்தப் பக்கத்துக்கும் வயதைப் பூச வேண்டும், மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும், ஆனால் கை அரிதாரக் கிண்ணத்துக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது, ஏனென்றால் காது வேறெங்கோ இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கூடம் நிரம்பிக்கொண்டிருந்தது. லண்டனுக்குக் கப்பலேறி வந்து வொயிட்சேப்பல் சந்துகளில் ஒண்டிக்கொண்ட யூதர்களெல்லாம் சனிக்கிழமை மத்தியானமானால் இங்கேதான் வருகிறார்கள், தையல்காரர்கள், தொப்பி செய்கிறவர்கள், செருப்புக்குத் தோல் வெட்டுகிறவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், மடியில் குழந்தைகள், காகிதத்தில் சுற்றிய மீன், ஆரஞ்சுப் பழங்கள். பெஞ்சுகள் தரையில் இழுபடும் சத்தம். கொட்டை உடைக்கும் சத்தம். "கொஞ்சம் நகருங்களேன், இது என்ன உங்க அப்பா வீட்டுக் கட்டிலா?" என்று ஒரு பெண்குரல், "எங்கப்பா வீட்டுல ஏது கட்டிலு, வெறுந்தரைதான்" என்று இன்னொன்று, அதற்கு ஒரு வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் கெட்ஸெலின் சிரிப்பு இருக்கிறதா என்று ஹெனியா தேடினாள், உடனே தன்னையே திட்டிக்கொண்டாள், எப்படி இருக்கும், அவன் சிரிக்கக் கூடாது, வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக் கூடாது, முக்கியமாகக் கிசுகிசுக்கக் கூடவே கூடாது. கத்துவதைவிடக் கிசுகிசுப்பதுதான் தொண்டையை அதிகம் அறுக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தம் வரும்வரை ஒரு சத்தமும் வரக் கூடாது, வந்தால் மிச்சமிருக்கிற குரலும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். மேடையின் விளிம்பில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தே வயதான ஒரு மனிதனிடம், கிசுகிசுத்தே பிழைத்தவனிடம், அப்படிச் சொன்னார்.

அவள் புருஷன் இன்று பெட்டிக்குள் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான், மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம், கல்யாணத்துக்கு வாங்கிய தொப்பியோடு. காலையில் அந்தத் தொப்பியை அவன் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். "எங்கே கிளம்பறே?" என்று கேட்டாள். விரலால் அவளைக் காட்டினான், பிறகு தன் கண்ணைக் காட்டினான். உன்னைப் பார்க்க. "குளிருல எதுக்கு? படுத்திரு. இந்தப் பனிமூட்டம் தொண்டைக்கு ஆகாது." விரல் முட்டியால் மேஜையில் இரண்டு தட்டு. பேச்சு நின்றுபோன இந்த நாட்களில் அவர்கள் வீட்டில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, மூன்று தட்டு என்றால் உன்னிடம் பேசி என்ன பிரயோஜனம். அவனுக்கு எப்படிச் சொல்வது, பனிமூட்டம் இல்லை பயம், நீதான் பயம் என்று. இத்தனை வருஷத்தில் மேடைமேல் நிற்கிற அவளை அவன் முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. பெட்டியின் திறப்பு வழியாக அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் காலணிகளும் பாவாடையின் விளிம்பும்தான். "இன்னிக்கு ரெண்டாவது அங்கத்துல உன் இடது கால் பொய் சொல்லுச்சு, ஹெனியா" என்பான் சூப் குடிக்கும்போது. எப்படி என்றால், அழுகிற இடத்தில் அந்தக் கால் குளிருக்குச் சுருங்கிக்கொண்டது, துக்கத்துக்கு இல்லை என்பான். கால் சரி. முகத்தை முன்னாலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அவனே தெரிவான். அவன் சொல்லிக்கொடுத்த நடை, அவன் சொல்லிக்கொடுத்த கை, அவன் எடுத்துக்கொடுத்த சொல். வசனத்தை மனப்பாடம் பண்ணாதது ஒன்றும் அவள் மட்டும் செய்கிற காரியமில்லை, இந்த நாடகக் குழுக்களில் யார் மனப்பாடம் பண்ணினார்கள், வாரத்துக்கு ஒரு நாடகம் மாற்றினால் யாரால் முடியும், பெட்டியிலிருந்து வரும், பிடித்துக்கொள்ள வேண்டியது, அதுதான் வழக்கம். ஆனால் மற்றவர்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், அவள் அவன் மூச்சையல்லவா பிடித்துக்கொண்டாள், அவன் மூச்சு இழுப்பதைக் கேட்டாலே அடுத்தது கோபமா கெஞ்சலா என்று தெரிந்துவிடும். அந்த மூச்சு இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து கேட்காது.

"மேடம் ஹெனியா." கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான் லெமெல், கூடத்தின் முதலாளி, எண்ணெய் போட்டு வகிடெடுத்து வாரிய தலை, தொப்பி கிடையாது, இங்கே வந்து இங்கிலீஷ்காரனாகிவிட்டவன். "கூட்டம் நிரம்பி வழியுது. மாடியில நிக்கறாங்க." சந்தோஷமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னான், ஆனால் கதவை விட்டுப் போகவில்லை. "தோழி வேஷம் போடற ரொஸால்யாவுக்கு நாடகம் முழுக்க மனப்பாடம். உங்க வசனம்கூட." "என் வசனம் எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும்?" "அதைத்தான் நானும் சொல்றேன்." சிரிக்காமல் சொன்னான். பிறகு ஒரு பெருமூச்சு, நாடகத்தில் வட்டிக்காரன் விடுகிற மாதிரி. "நான் கெட்டவன் இல்லை, மேடம். போன வாரம் முதல் அங்கத்துல மூணு தடவை நின்னுட்டீங்க. யோனாவைக் குத்தம் சொல்லாதீங்க, படிச்ச பையன், நல்லாத்தான் எடுத்துக்கொடுக்கறான். இன்னிக்கு விளக்குக் காட்சியில நின்னுட்டீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அம்மா வேஷம் ரொஸால்யாவுக்கு. தோழி வேஷம் உங்களுக்கு. தோழிக்கு வசனம் கம்மி." போய்விட்டான். தோழி வேஷம். ரொஸால்யாவுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவள் அம்மாவாகவும் இவள் அவளுக்குத் தோழியாகவும். யோனாவைக் குற்றம் சொல்லாமல் யாரைச் சொல்வது, கெட்ஸெலின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஒரே வேகத்தில், பஞ்சாங்கம் வாசிப்பதுபோல எல்லாவற்றையும் வாசிக்கிறான், அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து. 'இங்கே அழுகிறாள்' என்று பெட்டிக்குள்ளிருந்து சொல்கிறான். அதைக் கேட்டபிறகு எப்படி அழுவது. ஹெனியா வலது கன்னத்தில் முதல் கோட்டை இழுத்தாள். கோணலாக வந்தது. துடைத்தாள். சருமத்தின் மேல் பஞ்சு போனபோது ஒரு வாசனை வந்தது, பன்றிக்கொழுப்பு கலக்காத அரிதாரம், வாத்துக்கொழுப்பில் கெட்ஸெலே காய்ச்சுவது, குழுவில் பலரும் அதைக் கேலி செய்வார்கள், "முகத்தை நக்கினால் பாவம் வரக்கூடாதுன்னு பார்க்கறியா, கெட்ஸெல்?" என்பார்கள், அந்த வாத்துக்கொழுப்பு வாசனையில் லண்டன் கரைந்து, தோட்டம் வந்தது.

யாஸ் நகரத்துத் திராட்சை ரசத் தோட்டம். ருமேனியாவில் அப்போது சண்டைக் காலம், துருக்கிக்காரனோடு ருஷ்யாக்காரன் சண்டை, ஊரெல்லாம் பட்டாளத்துக்கு ரொட்டியும் தோலும் விற்கிற வியாபாரிகள், சாயங்காலமானால் அவர்களுக்குக் குடிக்கவும் சிரிக்கவும் ஒரு இடம் வேண்டும். பீப்பாய்களுக்கு மேலே பலகை போட்டால் மேடை. இரண்டு படுக்கை விரிப்பைச் சேர்த்துத் தைத்தால் திரை. அந்த விரிப்பைத் தைத்தது அவள்தான், தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண், யித்திஷ் மொழியில் நாடகம் என்று ஒன்று இருக்க முடியும் என்று அதுவரை கேள்விப்பட்டதில்லை. நாடகம் என்றால் ஜெர்மன்காரனுக்கு, பிரெஞ்சுக்காரனுக்கு, துரைகளுக்கு. அடுப்படியில் பேசுகிற மொழியை, அம்மா கோழியைத் திட்டுகிற மொழியை, யாராவது மேடைமேல் நின்று பேசுவார்களா, அதையும் பார்க்க ஆள் வருமா. வந்தார்கள். வேலிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். குழுத்தலைவர் ஆஷெர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து துரத்தப்பட்டவர், நாடகத்தை எழுதவே மாட்டார், பாட்டை மட்டும் எழுதுவார், நடிகர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதையைச் சொல்லி, "நீ இவளைக் காதலிக்கறே, நீ தடுக்கறே, நடுவுல என்ன பேசணுமோ பேசிக்கோங்க, கடைசியில எல்லாரும் இந்தப் பக்கம் வந்து நின்னு பாடுங்க" என்பார். அவள் முதலில் பார்த்த கதாநாயகி ஒரு ஜன்னல்கரையில் உட்கார்ந்து கூந்தல் பின்னினாள், பின்னிக்கொண்டே யாரையோ எதிர்பார்த்தாள், அந்த எதிர்பார்ப்பில் ஹெனியாவுக்குத் தன் கழுத்தே நீண்டுவிட்டது. மறுநாள் கதாநாயகிக்குப் பாவாடை அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். போனால் அங்கே மீசை மழித்த ஒரு இளைஞன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், காலில் பூட்ஸ், வாயில் வெங்காயம் வைத்த ரொட்டி. "இடுப்பை இறுக்கமா பிடி, ஆனா நான் சாப்பிட்டு முடிச்ச பிறகு அளவெடு." அவள் சிரித்த சிரிப்பில் ஊசி எங்கேயோ விழுந்தது. கெட்ஸெல். பெண்களை மேடையேற்றும் வழக்கம் அதுவரை இல்லாததால் பெண்ணாக நடித்தவன். அந்தக் கூந்தல் பின்னிய விரல்கள் அவனுடையவை. அவள் தரையில் மண்டியிட்டு ஊசியைத் தேடிக்கொண்டே சிரித்தபோது ஆஷெர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், "இந்தச் சிரிப்பைக் கடைசி வரிசை வரைக்கும் சிரிக்க முடியுமா உன்னால?" என்றார். கெட்ஸெல் அப்போது என்ன முகம் வைத்திருந்தான்? அது ஞாபகமில்லை. ஊசியைத் தேடிக்கொண்டிருந்ததால் அவன் பூட்ஸைத்தான் பார்த்தாள். ஆமாம், அவனுக்கு அவள் கால் மட்டும், அவளுக்கு அவன் கால் மட்டும், அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

அவளைக் குழுவோடு அனுப்பச் சொல்லி ஆஷெர் கேட்டபோது அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "கல்யாணம் ஆகாத பெண்ணை வண்டியில ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போவீங்களா? முதல்ல எவனாவது கட்டிக்கட்டும், அப்புறம் அவன் பாடு." ஆஷெர் குழுவைத் திரும்பிப் பார்த்தார், கல்யாணமாகாதவன் ஒருத்தன்தான். "கெட்ஸெல், உனக்கு என்ன நஷ்டம்? பாவாடையைக் கொடு, பாவாடைக்குள்ள ஒரு பெண்ணை வாங்கிக்கோ." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைவு. படுக்கை விரிப்புத் திரையைக் கழற்றி நாலு கம்பில் கட்டிப் பந்தல் பிடித்தார்கள், அதற்கடியில் நின்று மோதிரம் போட்டான், தானே தைத்த தையலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அவள் நின்றாள், ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது. மறுநாளிலிருந்து அவன் அவளைப் பெண்ணாக்க ஆரம்பித்தான். "இப்படியா ஒரு பெண் உள்ளே வருவா? நீ திருடன் மாதிரி வர்றே. என் அம்மா ஒரு அறைக்குள்ள வந்தான்னா முதல்ல காது வரும், அப்புறம்தான் அவ வருவா." கூந்தல் பின்ன, ஜன்னலில் உட்கார, சாவி தேட, அழாமல் அழ. கல்யாணமானதும் வழக்கப்படி கத்தரித்த அவள் தலையின்மேல் அவன் போட்டுக்கொண்டிருந்த அதே கன்னிப்பெண் ஜடையை மாட்டிவிட்டான், பின்னாலிருந்து சரிசெய்தான், அப்போது அவன் கை கொஞ்ச நேரம் ஜடைமேலேயே இருந்தது. கொஞ்ச நேரம்தானா. கொஞ்சம் அதிக நேரமா. அவள் அடுத்த வாரமே மேடையேறினாள், வியாபாரிகள் மேஜையைத் தட்டினார்கள், அம்மா வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள், கேட்டதற்கு, "உனக்குச் சால்வை கொண்டுவந்தேன், குளிருமேன்னு" என்றாள், ஆனால் சால்வை எதுவும் கொண்டுவரவில்லை. அன்றுதான் கெட்ஸெலை ஆஷெர் பெட்டிக்குள் அனுப்பினார். "போன தடவை யார் என்ன பேசினாங்கன்னு உனக்குத்தான் ஞாபகம் இருக்கு, நீ உள்ளே போ." போனான். கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த மனிதன், பழம் எறியாமல் பூ எறிந்தார்களே ஒருமுறை அவனுக்கு, குனிந்து உள்ளே போனான். உனக்கு வருத்தமாக இருந்ததா என்று அவள் கேட்டதே இல்லை. எத்தனை வண்டிப் பயணம், எத்தனை ரயில், கேட்க எவ்வளவு நேரம் இருந்தது. இப்போது கேட்டால் மேஜையில் தட்டுவான். ஒரு தட்டா இரண்டு தட்டா. கேட்காமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது.

முதல் மணி. வலது பக்கமும் எப்படியோ கிழவியாகியிருந்தது, எப்போது பூசினாள் என்று தெரியவில்லை. கழுத்தில் சால்வை, தலையில் முக்காடு, படிகள், பக்கத்திரையின் தூசி வாசனை, இருட்டு. மேடைமேல் காட்சி போட்டாகிவிட்டது, விடுதிக்காரியான ஒரு விதவையின் வீடு, பொய் ஜன்னல், நிஜ மேஜை. அந்த விதவையின் மகனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை அந்தியிலும், மறுநாள் அந்திவரை நீளும் சபாத் என்கிற ஓய்வுநாளை வரவேற்கும் விளக்கை ஏற்றுமுன், அவள் இல்லாத மகனிடம் பேசுகிறாள், பேசிமுடித்து, கண்ணை மூடிப் பிரார்த்தனை சொல்லித் திரும்பும்போது சிப்பாய் உடுப்பில் மகன் வாசலில் நிற்பான். நீளமான பேச்சு. இதைத்தான் விளக்குக் காட்சி என்கிறார்கள், இதற்காகத்தான் கூட்டம் வருகிறது, கைக்குட்டையோடு. ஐரிஷ்காரர் கீகன் மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். "ரெண்டும் எரியுது, மிஸஸ். நீங்க கையை மட்டும் ஆட்டினா போதும்." சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாத நாள், ஒரு யூதன் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, அதனால் சனிக்கிழமைகளில் திரை தூக்குவதற்குமுன் கீகன்தான் ஏற்றுவார். அதே நாளில் நாடகம் பார்க்க வருவதும் சரியில்லைதான், அது கூட்டத்துக்குத் தெரியும், சபாத்தில் காசு தொடக் கூடாது என்று வியாழக்கிழமையே சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு மனசாட்சியைச் சமாளித்துவிட்டு வருவார்கள், ஆனால் மேடையில் ஒருவன் தீக்குச்சியைக் கிழித்தால் பொறுக்க மாட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நடிகன் ஞாபகமில்லாமல் சுருட்டைப் பற்றவைத்துவிட்டான், "பாவி! சபாத் நாளில!" என்று மாடியிலிருந்து ஆரஞ்சுத் தோல் பறந்தது, அவன் விளிம்புக்கு வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கதாநாயகியைக் காதலிக்கவே விட்டார்கள். "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றார் கீகன். "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." "எந்த டாக்டர்? என் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்." ஹெனியா சிரித்தாள். மறுபக்கத்துப் பக்கத்திரையில் ரொஸால்யா நின்றுகொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. இவளுடைய வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வன்மம் ஒன்றும் இல்லை, சின்னப்பெண், பசிக்கு வாய் அசைவதுபோல அசைகிறது. நானும் இப்படித்தான் தையல் ஊசியோடு கெட்ஸெலின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அவன் இடத்தை நான் வாங்கினேன். இப்போது என்னிடமிருந்து இவள் வாங்குவாள். திரை கிறீச்சிட்டது.

முதலில் காது, பிறகு அவள். உள்ளே வந்தாள், விளிம்பு விளக்குகளின் சூடு முகத்தில் அடித்தது, அதற்கப்பால் கூடம் ஒரே கறுப்பு, மூன்றாவது வரிசை தெரியவில்லை, தெரியாதது நல்லது, தெரியாமல் இருப்பதுதான் பயம். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மகனே" என்று ஆரம்பித்தாள், இது வந்தது. "மேஜை விரிப்பைத் துவைச்சுட்டேன். உன் நாற்காலியைத் துடைச்சுட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, அந்த நாற்காலியில யாரும் உட்கார்றதில்லையே, அதை ஏன் துடைக்கறேன்னு." கூட்டத்தில் ஒரு மூக்கு உறிஞ்சியது. வருகிறது, வருகிறது, பெட்டியில் யோனாவின் குரல் அரை வரி முன்னால் சமமாக ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம், "நான் சொன்னேன், தூசி உட்கார்றதே, அது யாரு" என்றாள், ஒரு சிரிப்பும் ஒரு விம்மலும் ஒன்றாக வந்தன. இப்போது சட்டை. மகனின் சட்டையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. கெட்ஸெலாக இருந்தால் இங்கே மூச்சை நிறுத்துவான், கூட்டம் மூக்கைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பான். யோனா காத்திருக்கவில்லை. 'மேஜையைச் சுற்றி வருகிறாள்' என்றான், 'சட்டையை எடுத்துப் பார்க்கிறாள்' என்றான், அவள் எடுப்பதற்குள் சட்டையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை, கீழே ஒரு வண்டி போய்க்கொண்டே இருப்பதுபோல. அவள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்தது என்ன. பித்தானா. பித்தானைப் பற்றி ஏதோ உண்டு. சட்டை வெறும் துணியாகிவிட்டது, நல்ல துணிகூட இல்லை, தோள் தையல் பிரிந்திருந்தது, யார் தைத்தது இதை. கூட்டம் முதலில் அழுகிறாள் என்று நினைத்துப் பொறுத்திருந்தது. பிறகு ஒரு பெஞ்சு அசைந்தது. ஒரு கொட்டை உடைந்தது. பக்கத்திரையில் லெமெல் நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது, அவன் கைகளைக் கட்டிக்கொண்டான். மறுபக்கம் ரொஸால்யாவின் உதடு நின்றுவிடாமல் அசைந்துகொண்டிருந்தது, அவளுக்குத் தெரியும், அவள் பித்தானைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாவது வரிசையில் அவன் இப்போது வாயைத் திறந்துகொண்டிருப்பான். அவனால் முடியாது, இத்தனை வருஷப் பழக்கம், சொல் தொண்டைக்கு வந்துவிடும், சொல்லாதே, கெட்ஸெல், எனக்காகச் சொல்லிவிடாதே, டாக்டர் என்ன சொன்னார். அவன் சொல்லிவிடுவதற்குள் எதையாவது செய்ய வேண்டும். சட்டையை நாற்காலியின் முதுகில் போட்டாள், தோள் வைத்து, கை வைத்து, ஒருவன் உட்கார்ந்திருப்பதுபோல. பாதிப் பேச்சை விட்டுவிட்டு மெழுகுவத்திகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

இங்கே சொல் வேண்டாம், கை போதும். சுடரை மூன்று முறை தன் பக்கம் வாரி இழுத்துக் கண்ணைப் பொத்த வேண்டும். இதுவும் கெட்ஸெலுடையதுதான், அவன் அம்மா வலது கையில் தீக்காயம் பட்டவள், அதனால் இடது கைதான் முந்தும், அவசரம் அவசரமாக, கோழிக்குஞ்சுகளைக் கூட்டுக்குள் விரட்டுவதுபோல. அதையே அவன் மேடையில் செய்தான், அதையே இவள் இத்தனை காலம் செய்தாள், ருஷ்யாவுக்குப் போய் ஒடேசாவில் செய்தாள், ஜார் மன்னன் யித்திஷ் நாடகமே கூடாது என்று உத்தரவு போட்டு ஒரே நாளில் எல்லாரையும் தெருவில் நிறுத்துகிறவரைக்கும் செய்தாள், கப்பலேறி வந்து இங்கேயும் செய்தாள். கை எழுந்தது. வலது கை. அவசரப்படாமல் எழுந்தது, வெங்காயம் நறுக்கிய கைபோல, மாவு பிசைந்து களைத்த கைபோல எழுந்தது, வெளிச்சத்தை அள்ளியது, யாருடைய கை இது என்று அவள் நினைப்பதற்குள் கண்ணைப் பொத்திவிட்டது. உள்ளே இருட்டு. வாத்துக்கொழுப்பு வாசனை. அம்மா இப்படித்தான் நிற்பாள், யாஸில், அடுப்படியில், மற்ற வீட்டுப் பெண்கள் ஒரு நிமிஷத்தில் கையை எடுத்துவிடுவார்கள், அம்மா எடுக்கவே மாட்டாள், சின்னப்பெண் ஹெனியா பாவாடையைப் பிடித்து இழுப்பாள், உள்ளே என்ன பண்றேம்மா என்று ஒருமுறை கேட்டாள். "ஒண்ணும் பண்ணலை. இந்தக் கைக்குள்ள மட்டும்தான் நான் தனியா இருக்க முடியுது." அந்தப் பிரார்த்தனையை அம்மா சொல்லும்போது கூடவே முணுமுணுத்துத்தான் ஹெனியா கற்றுக்கொண்டாள், பேச்சு கற்றுக்கொண்ட வயதில். இப்போது அதைச் சொன்னாள். கூடத்துக்கெல்லாம் கேட்கும்படி, ஆனால் உரக்க இல்லை. சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது. மேடையில் அதை அப்படிச் சொல்லக் கூடாது. பொய்ச் சபாத்தில் பொய் விளக்குக்கு நிஜப் பிரார்த்தனையைச் சொல்வது இறைவனின் பெயரை வீணாக்குவது. யாஸிலேயே கெட்ஸெல் ஆஷெரோடு சண்டை போட்டு வழி பண்ணியிருந்தான், இறைவனின் பெயர் வரும் இடத்தில் 'அந்தப் பெயர்' என்று மட்டும் சொல்லித் தாண்டிவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பெட்டியிலிருந்து அவன் கிசுகிசு முந்திக்கொண்டு வரும், அந்தப் பெயர், அந்தப் பெயர் என்று, அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். இன்று யாரும் முந்தவில்லை. அவள் பெயரையே சொல்லிவிட்டாள். அம்மா சொன்ன மாதிரி முழுசாக.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தைகள்கூட இல்லாமல் போய்விட்டதுபோல இருந்தது. விரலிடுக்கில் ஒரு கீற்று தெரிந்தது, அதில் லெமெல் தெரிந்தான், அவன் கை வெறுந்தலைக்குமேலே போய்த் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தது, பெயரைக் கேட்டதும் தலையை மூட வேண்டும் என்று எந்த அப்பாவோ அடித்துச் சொல்லிக்கொடுத்த கை. மாடியில் ஒருவர் எழுந்தார், பலகை முனகியது. "என்ன இது? இது விளக்கேத்தற வேளையா? சனிக்கிழமை மத்தியானம்!" கிழவரின் குரல், கோபத்தைவிட பயம் அதிகமாக இருந்தது அதில். இன்னொருவர் எழுந்தார். இப்போது வரும், தோல் பறக்கும், பாவி என்பார்கள், விளிம்புக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்ன என்று கேட்பது, தெரியாமல் நிஜமாகிவிட்டது என்றா. அப்போது கீழேயிருந்து, முன்னாலிருந்து, நடைபாதை ஓரத்திலிருந்து அது வந்தது. ஒரு குரல் என்று சொல்ல முடியாது, கதவுக்கடியில் காகிதத்தை இழுத்ததுபோல இருந்தது. "ஆமென்." வீணாகச் சொன்ன பிரார்த்தனைக்கு ஆமென் சொல்லக் கூடாது, அது இன்னொரு பாவம், இந்தக் கூடத்தில் வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ கெட்ஸெலுக்குத் தெரியும், அரிதாரத்தில்கூடப் பன்றிக்கொழுப்பு படாமல் பார்த்துக்கொண்டவனுக்குத் தெரியும். வசந்தம்வரை ஒரு சத்தமும் கூடாது என்பதும் தெரியும். கூடத்தில் ஒருவரும் அதுவரை கேட்டிராத அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் ஒரு பெண் சொன்னாள், "ஆமென்". பிறகு பின்னால் ஒரு வரிசை, பிறகு மாடி, ஆண்கள் தொப்பியைத் தொட்டுக்கொண்டு, பெண்கள் அழுதுகொண்டு, எழுந்து நின்ற கிழவர் உட்காரும் சத்தம், அவரும் வாய்க்குள் சொல்வதுபோல ஒரு முனகல். வாசலில் சிப்பாய் உடுப்பில் மகன் வந்து நின்றுவிட்டான், அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது, காத்திருக்கிறான், அவள் திரும்ப வேண்டும். 'கையை எடுக்கிறாள்' என்றான் யோனா பெட்டிக்குள்ளிருந்து. சற்றுப் பொறுத்து, முதல்முறையாகக் கொஞ்சம் மெதுவாக, 'இங்கே கையை எடுக்கிறாள்' என்றான். ஹெனியா எடுக்கவில்லை.